வேண்டாத குதிரையை ஏன் மிருக வைத்தியக் கல்லூரிக்குக் கொடுக்கிறார்கள்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் வெளிநாட்டில் சொந்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சொந்தம் உள்ள வீடொன்றின் பேத்தி அமெரிக்காவில் மிருக வைத்தியம் படிக்கிறாள். கிழட்டுக் குதிரை ஒன்றின் கழுத்தில் கைபோட்டபடி நிற்கும் படத்தை அனுப்பி, "இது ஒருவர் எங்கள் கல்லூரிக்குத் தானமாகத் தந்த குதிரை" என்று எழுதிவிட்டாள். படம் வைபரில் கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு என்று சுற்றியது. அன்றிலிருந்து மாட்டுக்கு மருந்து எடுக்க வருகிறவர்கள்கூட என்னிடம் குதிரைக் கதைதான் கேட்கிறார்கள். நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்துவிட்டு இங்கே மாடும் ஆடும் பார்க்கிறவள். தொழிலில் குதிரையைத் தொடும் வாய்ப்பு அதிகம் இல்லை. ஆனாலும் படித்ததும் அங்கே வேலை செய்யும் கூட்டாளிகள் சொன்னதும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது லேசு.

அவ்வளவு விலையான குதிரையை ஏன் சும்மா குடுக்கினம்?

விலை போகாததால்தான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். குதிரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நன்றாகப் பார்த்தால் குதிரை 25, 30 வயது வரை இருக்கும். ஆனால் பந்தயக் குதிரை பலதுக்கும் ஆறு, ஏழு வயதுக்குள் ஓட்டம் முடிந்துவிடும். சவாரிக் குதிரையும் 20 வயதை அண்டினால் ஆளை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் நடக்காது. அதற்குப் பிறகும் பல வருடம் வயிறு இருக்கிறது.

500 கிலோ எடையுள்ள குதிரை ஒன்றுக்கு நாளுக்கு எட்டிலிருந்து பத்துக் கிலோ உலர்புல் வேண்டும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க ஆள் வர வேண்டும். பல் ராவ வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். சொந்தக் காணி இல்லாதவர் கொட்டிலுக்கு மாத வாடகை கட்ட வேண்டும். அது சில நூறு டொலரில் தொடங்கும். நகரத்துக்குக் கிட்ட என்றால் ஆயிரத்தைத் தாண்டும். இங்கே போலக் காலையில் அவிழ்த்துவிட்டால் குளத்தடியில் மேய்ந்துவிட்டு வரும் என்ற கதை அங்கே இல்லை. ஒரு மாதம் கூட வைத்திருந்தால் ஒரு மாதச் செலவு கூடும், அவ்வளவுதான். நொண்டும் குதிரைக்குச் சந்தையில் விலையும் இல்லை. சும்மா கொடுப்பதாகத் தெரிவது உண்மையில் ஒரு கடனை இறக்கி வைப்பது.

என்ன மாதிரியான குதிரையள் அப்படிப் போகுது?

முதலிடம் காலுக்கு. குளம்புக்குள் இருக்கும் சிறிய எலும்பு தேய்ந்து முன்கால் நோகும் குதிரை, குளம்பழற்சி வந்து நிற்கவே கஷ்டப்படும் குதிரை, பந்தயத்தில் தசைநாண் கிழிந்து ஆறினாலும் பழைய வேகம் வராத குதிரை. அடுத்தது தூசி நிறைந்த உலர்புல்லைத் தின்று தின்று நெஞ்சு இழுக்கத் தொடங்கியவை. கண்ணுக்குள் திரும்பத் திரும்ப அழற்சி வந்து பார்வை போனவை. சினை பிடிக்காத வயதான பெட்டைகள்.

இவற்றைவிட, குதிரையில் ஒரு குறையும் இல்லாமல் வீட்டில் ஏதோ நடந்ததால் போகிறவையும் உண்டு. மகளுக்குப் பன்னிரண்டு வயதில் வாங்கிக் கொடுத்தது. அவள் பல்கலைக்கழகம் போய்விட்டாள். புருசன் பெண்சாதி பிரிந்து காணி விற்கப்பட்டது. குதிரையை வளர்த்த கிழவர் செத்துப்போனார், பிள்ளைகளுக்கு அதன் அருகில் போகவே பயம். மிருக வைத்தியர்களிடம் கேட்டால் இந்த இரண்டாவது வகைக் கதையைத்தான் நீட்டிச் சொல்வார்கள்.

விக்கலாம்தானே? இறைச்சிக்குக் குடுக்கலாம்தானே?

அமெரிக்கர் குதிரை இறைச்சி தின்பதில்லை. ஆனாலும் ஏற்றுமதிக்கென்று அங்கே குதிரை அறுக்கும் கூடங்கள் இருந்தன. கடைசியாக எஞ்சியிருந்தவை மூன்று: டெக்சாசில் இரண்டு, இலினோயில் ஒன்று. மாநிலச் சட்டங்களாலும் வழக்குகளாலும் 2007 இல் மூன்றும் மூடப்பட்டன. அதற்காகக் குதிரைகள் தப்பிவிடவில்லை. லொறியில் ஏற்றி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் கொண்டுபோனார்கள். பயணம் நீண்டதுதான் மிச்சம். அடுத்த வருடமே பொருளாதாரம் விழுந்தது, வேலை போனவர்கள் குதிரை வைத்திருக்க முடியாமல் தவித்தார்கள். மலிவான குதிரைகளின் விலை இன்னும் இறங்கியது, கைவிடப்படுபவை கூடின. கூடங்களை மூடியதன் எதிர்பாராத விளைவுகள் இவை என்று அமெரிக்காவின் அரச கணக்காய்வு அலுவலகமே 2011 இல் அறிக்கை எழுதியது.

இன்றைக்கும் ஏலத்தில் ஒரு நொண்டிக் குதிரையை விட்டால், அதை வாங்கும் ஆள் எல்லைக்கு அப்பால் அனுப்பும் வியாபாரியாக இருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்தவருக்கு அது பொறுக்காது. கல்லூரிக்குக் கொடுப்பவர்களில் பலர் முதலில் ஏலத்தை நினைத்துப் பார்த்து, பிறகு பின்வாங்கியவர்கள்.

ஊசி போட்டு நோகாமல் சாகவிடலாமே?

விடலாம். நிறையப்பேர் அதைத்தான் செய்கிறார்கள். கல்லூரிக்குக் கொடுப்பதைவிட அது சில வேளை நல்லதும்கூட. ஆனால் வைத்தியருக்குக் காசு, அதற்குமேல் 500 கிலோ உடலை அகற்றக் காசு. தோண்ட இயந்திரம் பிடிக்க வேண்டும். சில இடங்களில் புதைக்கவே அனுமதி இல்லை. ஊசியில் போன மருந்து உடலில் தங்கி நிற்கும். திறந்த வெளியில் போட்டால் அதைத் தின்னும் கழுகும் நரியும் செத்துப்போகும். எரிப்பதற்கோ, உருக்கும் ஆலைக்கு ஏற்றி அனுப்புவதற்கோ தனிச் செலவு. எல்லாம் சேர்ந்து பல நூறு டொலர் ஆகும். இடத்தைப் பொறுத்து ஆயிரத்தையும் தாண்டும்.

காசைவிடப் பெரிய தடை மனம். நடந்து வரும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் மிருகத்துக்கு நாள் குறிக்க ஆளுக்குக் கை வராது. கல்லூரிக்குக் கொடுத்தால் அந்தத் தீர்மானத்தை வேறொருவர் எடுப்பார். கொடுக்கும் பலர் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் காரணங்களுக்குள் இதற்கு நல்ல எடை இருக்கிறது என்பது என் எண்ணம்.

வரி மிச்சம் பிடிக்கத்தான் குடுக்கினம் எண்டு சொல்லினமே?

ஓரளவு உண்மை. மிருக வைத்தியக் கல்லூரிக்குக் கொடுப்பது அங்கே தரும நன்கொடையாகக் கணக்கில் வரும். குதிரையின் சந்தைப் பெறுமதியை வருமானத்திலிருந்து கழிக்கக் கேட்கலாம். 500 டொலருக்கு மேல் கேட்டால் 8283 ஆம் இலக்கப் படிவம் நிரப்ப வேண்டும். 5,000 டொலருக்கு மேல் என்றால் தகுதியான மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையும் வேண்டும்.

ஆனால் சந்தையில் யாரும் வாங்காத குதிரைக்குப் பெறுமதி எவ்வளவு? அங்கேதான் கதை முறிகிறது. நொண்டிக் குதிரைக்கு நேர்மையாக மதிப்புப் போட்டால் கழிக்கப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பெரிய பண்ணைக்காரர் நல்ல விலையுள்ள பொலிக்குதிரையைக் கொடுத்தால் இந்தக் கணக்கு அவருக்கு உதவும். படத்தில் இருந்த கிழட்டுக் குதிரையைக் கொடுத்தவர் வரிக்காகக் கொடுத்திருக்க மாட்டார்.

கல்லூரி அந்தக் குதிரையை வைச்சு என்ன செய்யும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். உரிமையாளர்களே கேட்க மறப்பதும் இதுதான்.

கற்பித்தல் மந்தை என்று ஒன்று வைத்திருப்பார்கள். குதிரையின் அருகில் வாழ்நாளில் போகாத நகரத்துப் பிள்ளைகளும் மிருக வைத்தியம் படிக்க வருகிறார்கள். எந்தப் பக்கத்தால் கிட்டப் போவது, தலைக்கயிறு எப்படிப் போடுவது, பின்னங்காலை எப்படித் தூக்குவது என்பதே முதல் பாடம். பிறகு நாடி பார்ப்பது, குடலின் இரைச்சலைக் கேட்பது, கழுத்து நாளத்தில் இரத்தம் எடுப்பது, கட்டுப் போடுவது, பல் ராவுவது, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விடுவது. நொண்டும் குதிரைக்கு இங்கே தனி மதிப்பு. எந்தக் காலில் நோவு என்று கண்டுபிடிக்கப் பழக, உண்மையில் நொண்டும் கால் ஒன்று வேண்டும். நல்ல குதிரையைக் கொண்டு அதைப் படிப்பிக்க முடியாது. சொந்தக்காரரிடம் குறையாக இருந்ததே வகுப்பில் பாடமாகிறது.

உள்ளே கையை விட்டுச் சோதிப்பதும் ஒரு பாடம். நாங்கள் அதை மாட்டில் படித்தோம். தோள்வரை நீண்ட பிளாஸ்டிக் கையுறையில் எண்ணெயைப் பூசிக்கொண்டு, பின்வழியாகக் கையை விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். முதல் தடவை சூட்டைத் தவிர ஒன்றுமே பிடிபடாது. மாடு முக்கினால் கை நசிந்து விரல் மரத்துப்போகும். எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேரைக் கண்ட வயதான பசு ஒன்று, அசைபோடுவதைக்கூட நிறுத்தாமல் நிற்கும். அப்படிப் பொறுமையான ஒன்று கிடைப்பது ஆசிரியர்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். குதிரை என்றால் இன்னும் அவதானம் வேண்டும். அதன் குடல்சுவர் மெல்லியது, கிழிந்தால் பிழைப்பது அரிது. ஒரே குதிரையை ஒரே நாளில் பல மாணவர் இப்படிக் கையை விட்டுப் பார்க்கக்கூடாது என்பதற்கு முறையான கல்லூரிகளில் கட்டுப்பாடு உண்டு.

இரண்டாவது வேலை இரத்தம் கொடுப்பது. 500 கிலோ குதிரையின் உடலில் ஏறத்தாழ 40 லீற்றர் இரத்தம் இருக்கிறது. சுகமான பெரிய குதிரையிலிருந்து ஒரு தடவைக்கு ஆறு, எட்டு லீற்றர் எடுக்கலாம். வயிற்றுக்குத்து வந்து சத்திரசிகிச்சைக்கு வரும் குதிரைக்கும், குட்டி போடும்போது உள்ளே இரத்தம் கசிந்த பெட்டைக்கும் அது உயிர். இரத்தம் கொடுக்கும் குதிரைக்குத்தான் மந்தையிலேயே நல்ல கவனிப்பு.

இன்னொரு பக்கம் ஆராய்ச்சி. புதிய மருந்து எவ்வளவு நேரம் உடலில் நிற்கிறது, தேய்ந்த மூட்டுக்குள் ஊசி போட்டால் நடை மாறுகிறதா, சினைப்பருவத்தை எப்படி முன்தள்ளுவது. சிலது இரத்தம் எடுத்துப் பார்ப்பதோடு முடியும். சிலதன் கடைசியில் குதிரையைக் கொன்று திசுவைப் பார்ப்பார்கள்.

பிறகு உடற்கூறு. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கு உடலை எழுதி வைப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குதிரைக்கும் அதே தேவை உண்டு. லண்டனில் 1791 இல் மிருக வைத்தியக் கல்லூரி தொடங்குவதற்கு இரண்டு வருடத்துக்கு முன், ஒருபோதும் தோற்காத 'எக்லிப்ஸ்' என்ற பந்தயக் குதிரை செத்தது. அதை வெட்டிப் பார்த்த பிரெஞ்சுக்காரர் சான் பெல்தான் அந்தக் கல்லூரியின் முதல் தலைவரானார். எலும்புக்கூடு இன்னும் அந்தக் கல்லூரியில் நிற்கிறது.

அப்ப கடைசியில கொல்லுவினமா? நேராச் சொல்லுங்கோ பிள்ளை.

சிலதைக் கொல்வார்கள். இதை மூடி மறைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கையெழுத்து வைத்த நிமிடத்திலிருந்து குதிரை கல்லூரியின் சொத்து. கற்பித்தல் மந்தையில் பல வருடம் நிற்கலாம், ஓய்வுக்குப் பிறகு நல்ல வீட்டுக்குத் தத்துப் போகலாம், ஏற்கனவே கடும் நோவில் இருந்தால் அந்தக் கிழமையே ஊசி போட்டு உடற்கூறு வகுப்புக்கும் போகலாம். எது என்று பல பத்திரங்களில் எழுதியிருக்கும். எழுதாத இடத்தில் கேட்க வேண்டும்: கற்பித்தலுக்கா, ஆராய்ச்சிக்கா? கடைசியில் கொல்லும் ஆய்வுக்குப் போகுமா? உங்களுக்கு வேண்டாம் என்றால் வெளியாருக்கு விற்பீர்களா, எனக்கு முதலில் அறிவிப்பீர்களா? "போய்ப் பார்க்கலாமா" என்பதையும் கேட்கலாம். சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் விடமாட்டார்கள்.

அமெரிக்காவில் 1966 இல் வந்த விலங்கு நலச் சட்டம் ஆராய்ச்சிக் குதிரைகளுக்குப் பொருந்தும். ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு குழு இருக்கும். மிருகத்தைத் தொடும் எந்தத் திட்டமும் அந்தக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். மயக்கி வைத்துச் சத்திரசிகிச்சை பழகிவிட்டு மயக்கத்திலேயே கொன்றுவிடும் முறை முன்னர் சாதாரணமாக இருந்தது. மாணவர்களே எதிர்க்கத் தொடங்கி, இப்போது மாதிரி உருவங்களிலும் இறந்த உடல்களிலும் பழகுவது கூடியிருக்கிறது. 1959 இல் ரசலும் பேர்ச்சும் என்ற இரண்டு ஆங்கில அறிவியலாளர் சொன்ன மூன்று விதிகள் இதற்கு அடிப்படை: மிருகம் இல்லாமல் முடியுமானால் இல்லாமலே செய், குறைந்த எண்ணிக்கையில் செய், நோவைக் குறைத்துச் செய்.

கொல்லப்படக்கூடும் என்று தெரிந்து கொடுப்பவரைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. தெரியாமல் கொடுத்துவிட்டு முகநூலில் அழுகிறவர்களும், தெரிந்தும் சொல்லாமல் வாங்குகிற அலுவலர்களும்தான் இந்த ஏற்பாட்டின் பெயரைக் கெடுக்கிறார்கள்.

எந்தக் குதிரையைக் குடுத்தாலும் எடுப்பினமா?

இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்காதே என்பது எங்கள் பழமொழி. கல்லூரி முதலில் பார்ப்பதே பல்லைத்தான். வயது அதில் தெரியும். கடிக்கிற, உதைக்கிற குதிரையை மாணவர்களிடம் விட முடியாது. பொலிக்குதிரையையும் வழமையாக எடுக்கமாட்டார்கள். தொற்றும் இரத்தச்சோகை நோய் இல்லை என்று இரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பார்கள். மந்தையில் இடமில்லாவிட்டால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரேயே சொல்வார்கள்; கொடுக்க விரும்பும் குதிரைகள் எப்போதும் கல்லூரிகளின் தேவையைவிட அதிகம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன்ர கதை. எங்களுக்கும் குதிரைக்கும் என்ன?

சூடடிப்பு நேரம் வயலில் புடையன் கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினால், அங்கே நாளத்தில் ஏற்றும் விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து வருகிறது. இலங்கைக்கு அது இந்தியாவிலிருந்து வருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை என்ற நான்கு பாம்புகளின் நஞ்சைக் குதிரைக்குள் சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். குதிரையின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும். பிறகு இரத்தம் எடுத்து, அதிலிருந்து மருந்தைப் பிரிப்பார்கள். குதிரை பெரிய உடம்பு, நிறைய இரத்தம், பழகினால் அடங்கி நிற்கும். அதனால்தான் அது. சிலருக்கு அந்த மருந்து ஏறும்போது உடம்பு தடித்து மூச்சு இழுப்பதற்கும் காரணம் அதுவே; குதிரையின் புரதத்தை எங்கள் உடம்பு அந்நியமாகப் பார்க்கிறது. வன்னியில் எத்தனையோ குடும்பம் குதிரைக்குக் கடன்பட்டிருக்கிறது.

வேலை முடிந்த குதிரையை வைத்தியத்துக்குக் கொடுப்பதும் புதிதல்ல. அமெரிக்காவின் சென் லூயி நகரில் 'ஜிம்' என்று ஒரு பால்வண்டிக் குதிரை. ஓய்வுக்குப் பிறகு அதன் இரத்தத்திலிருந்து தொண்டைக்கரப்பானுக்கு மருந்து எடுத்தார்கள். 1901 இல் ஜிம்முக்கு ஏற்புவலி (ரெட்டனஸ்) வந்தது. அதைக் கொன்றுவிட்டாலும், நோய் வந்த நேரத்தில் எடுத்த இரத்தத்தின் மருந்து எப்படியோ வெளியே போய், 13 பிள்ளைகள் செத்தார்கள். அடுத்த வருடமே இப்படியான மருந்துகளைக் கட்டுப்படுத்த அமெரிக்கா சட்டம் போட்டது.

இலங்கையில குதிரை எங்க இருக்கு?

நுவரெலியாவில் பந்தயமும் சவாரியும் இருக்கிறது. பொலிசில் குதிரைப் படை இருக்கிறது. எங்களுக்குக் கிட்ட என்றால் நெடுந்தீவுக் குதிரைகள். ஐரோப்பியர் காலத்தில் வளர்த்தவற்றின் வழித்தோன்றல், இன்றைக்கு ஆருக்கும் சொந்தமில்லாமல் காய்ந்த வெளியில் திரிகின்றன. கோடை நீண்டால் தண்ணீர் இல்லாமல் சாகும். மன்னாரில் கழுதைகள் தெருவில் நின்று குப்பையைக் கிளறிப் பொலித்தீன் தின்னும், இரவில் வாகனத்தில் அடிபடும். அங்கே கழுதைகளுக்கென்று ஒரு சிகிச்சை நிலையம் நடக்கிறது. வேண்டாத குதிரை இனம் என்று இந்த நாட்டில் ஒன்று இருந்தால் அது இந்தக் கழுதைதான், கொடுப்பதற்கு உரிமையாளர்கூட இல்லை.

என்ர வயது போன மாட்டைப் பேராதனைக்குக் குடுக்கலாமா?

இதைக் கேட்காத ஆள் இல்லை. நாட்டில் மிருக வைத்தியர்களை உருவாக்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பது விவசாய பீடம். அங்கே விலங்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள், மிருக வைத்தியப் பட்டம் இல்லை. பேராதனைக்கு ஏ9 வீதியால் 250 கிலோமீற்றர் அளவில் மாட்டை ஏற்ற வேண்டும். மாவட்டம் கடத்த வைத்தியரின் சுகச் சான்றும் அனுமதிப் பத்திரமும் வேண்டும். தோலில் கட்டி கட்டியாக வரும் நோய் பரவும் காலங்களில் மாடு கொண்டுபோவதையே நிறுத்திவிடுவார்கள். லொறிக் கூலி மாட்டின் விலையைத் தின்றுவிடும். குதிரைக்குத் தட்டுப்பாடு உள்ள இடத்தில் குதிரைக்கு மதிப்பு. மாடு பேராதனைக்கு அயலிலேயே கிடைக்கும். ஆகவே ஏற்றிப் போகாதீர்கள்.

செய்யக்கூடியது வேறு. அபூர்வமான நோய், பிறவிக் குறை உள்ள கன்று, ஆருக்கும் பிடிபடாத நொண்டல் என்று ஏதும் இருந்தால் உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பயிற்சிக்கு வரும் மாணவர் உங்கள் பட்டியில் மாடு பிடிக்கக் கேட்டால் விடுங்கள். உங்கள் மாட்டில் பழகியவர்தான் நாளைக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் பசுவின் கன்றைத் திருப்பி எடுக்க வருவார்.

சவாரி மாட்டுக்கு என்ன முடிவு?

அமெரிக்கப் பந்தயக் குதிரைக்கு நேரே வைத்துப் பார்க்கக்கூடியது எங்களிடம் இதுதான். மாட்டுவண்டிச் சவாரித் திடலில் முதலாம் பிரிவில் ஓடும் சோடிக்கு என்ன உபசாரம்! உழுந்து, முட்டை, நல்லெண்ணெய், குளிப்பாட்டு. விலை லட்சக்கணக்கில் பேசப்படும். ஓட்டம் குறைந்தால் பிரிவு இறங்கும், பிறகு வண்டில் மாடாகும், பிறகு ஒரு நாள் வியாபாரி வந்து நிற்பார். முன்னர் உழவுக்கு உதவியது. லான்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் வந்தபிறகு அந்த வழியும் இல்லை. சில குடும்பம் மட்டும் ஓடி வென்ற நாம்பனைச் சாகும்வரை வீட்டில் கட்டிப் பார்க்கிறது. திடலில் ஓட்டுவதற்குச் செலவழிப்பவர், ஓட்டம் நின்றபின் வரும் வருடங்களுக்கும் முதலிலேயே ஒரு கணக்குப் போட்டு வைக்கலாம்.

சும்மா அவிட்டு விட்டா அது தன்ர பாட்டில சீவிக்கும்தானே?

சீவிக்காது. 2009 இல் போர் முடிந்தபிறகு வன்னிக் காடுகளில் கட்டாக்காலியாகத் திரிந்த மாடுகளை நினைத்துக்கொண்டு பலர் இப்படிச் சொல்கிறார்கள். அவை ஆட்கள் ஓடியதால் கைவிடப்பட்டவை. உயிர் தப்பித் திரும்பியவர்கள் குறிசூட்டைப் பார்த்துத் தங்கள் மாட்டைத் தேடினார்கள். இன்றைக்கு வேண்டாத நாம்பனைத் தெருவில் விடுவது வேறு விஷயம். காலபோகத்தில் வயலுக்குள் இறங்கி அடிவாங்கும், ஏ9 இல் இரவு மோட்டார் சைக்கிள்காரனைக் கொல்லும், பிரதேச சபை பிடித்தால் தண்டம். மேய்ச்சல் தரை கேட்டு வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கும் பண்ணையாளர்களின் நியாயத்தையும் இது கெடுக்கிறது. வேண்டாத குதிரையைக் காட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள், அங்கே அது குற்றம்.

வீட்டில மாடு செத்தா உங்களுக்குச் சொல்ல வேணுமா?

சொல்லுங்கள், முக்கியமாகக் காரணம் தெரியாமல் திடீரென்று செத்தால். 2022 டிசம்பரில் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் ஓரிரு நாளில் விழுந்தபோது, நோயா என்று எல்லோரும் பயந்தார்கள். உடலைத் திறந்து பார்த்துத்தான் குளிர் என்று சொல்ல முடிந்தது. அந்த முடிவு வரும்வரை இறைச்சி கொண்டுபோவதையே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

நீங்களாக வெட்டிப் பார்க்க வேண்டாம். சாகமுன் வாயில் நுரை தள்ளியது, கதறியது, ஆளை முட்ட வந்தது, தண்ணீர் விழுங்க முடியாமல் நின்றது என்றால் விசர்நாய் கடித்ததாக இருக்கலாம். எச்சிலைத் தொட்டவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பாலைக் காய்ச்சாமல் குடித்தவர்களும் அங்கே சொல்ல வேண்டும். மூக்காலும் பின்னாலும் கறுப்பு இரத்தம் வடிந்தால் கிட்டவே போகாமல் எங்களைக் கூப்பிடுங்கள். மற்றபடி பார்த்து முடிந்ததும் கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி மேட்டு நிலத்தில் ஆள் உயரத்துக்குக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மேலே முள்ளுக் கம்பையோ கல்லையோ அடுக்காவிட்டால் அன்றிரவே நாயும் நரியும் கிளறிவிடும். காதில் இலக்கத் தகடு இருந்தால் கழற்றி வைத்து, இலக்கத்தை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பதிவில் அந்த மாடு உயிரோடு நின்றால் பிறகு மானியம் கேட்கும்போது சிக்கல்.